வடக்குத்தில் விழாத குண்டு

நெய்வேலி டவுன்ஷிப்பின் மீது இன்றுவரை ஓர் அணுகுண்டுகூட விழவில்லை. இதற்கான பெருமை முழுவதும் 'அணு ஆயுத ஒழிப்பு மற்றும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பாதுகாப்பு மருத்துவர் பேரவை'யையே சேரும். தொடங்கிய நாளிலிருந்து பேரவை வல்லரசுகளின் அதிபர்களுக்குத் தீர்மானம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எந்த அதிபரும் பதில் போட்டதில்லை. மறுப்பு வராததால் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பேரவை எடுத்துக்கொண்டது. சந்தேகப்படுகிறவர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்க்கலாம்.

பேரவையின் பெயரில் பாதி சுற்றுச்சூழல் அல்லவா? அந்தப் பாதிக்கும் அவர்கள் குறை வைத்ததில்லை. வடதுருவத்தில் பனி உருகுவதைக் கண்டித்தார்கள். பசிபிக் கடல் மீன்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருப்பதைப் பேசிக் கலங்கினார்கள். ஓசோனில் விழுந்த ஓட்டைக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். ஓட்டை யாருடைய ஊரின் மேல் இருக்கிறதோ அந்த ஊர்க்காரர்கள்கூட நின்றிருக்க மாட்டார்கள்.

தலைவர் டாக்டர் கலியபெருமாள் நெஞ்சு நோய் மருத்துவர். டவுன்ஷிப் கடைத்தெருவுக்கு அருகில் கிளினிக். செயலாளர் டாக்டர் செங்கமலம் குழந்தைகளுக்குப் பார்ப்பவர். புரவலர் சடையப்பன் மருத்துவர் இல்லை. பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்கு வெளியே சாம்பலில் செங்கல் அறுக்கும் கம்பெனி வைத்திருப்பவர். பேரவைக் கூட்டத்துக்குப் பந்தல், நாற்காலி, பொன்னாடை, பிரியாணி எல்லாம் அவர் உபயம். உலக சமாதானத்தில் அவருக்கு அவ்வளவு பிடிப்பு.

அந்தக் கம்பெனியில்தான் மைக்கேல் வேலை பார்த்தான். அனல்மின் நிலையத்திலிருந்து லாரியில் வரும் சாம்பலைக் கொட்டகைக்குள் இறக்கி, கலவை மெஷினின் வாயில் மண்வெட்டியால் தள்ளிவிடும் வேலை. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொள்வான். மூச்சு முட்டும்போது அதையும் அவிழ்த்துவிடுவான். முதலில் இருமல் வந்தது. பிறகு துப்பினால் சிமெண்ட் நிறத்தில் வந்தது. பிறகு வீட்டு வாசற்படி ஏறிவிட்டு உட்கார்ந்து இளைப்பாற வேண்டி வந்தது. கடைசியில் படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருக்கவே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டான்.

சடையப்பனிடம் போய் நின்றான். கம்பெனி கேட்டில் உட்காரும் வேலை ஒன்று காலியாக இருந்தது.

"மாத்துறேன் மைக்கேலு, நான் என்ன கல்நெஞ்சக்காரனா?" என்றார் சடையப்பன். "ஆனா சும்மா மாத்தினா நாளைக்கு அத்தினி பேரும் இருமிக்கினு வந்து நிப்பானுங்க. சாம்பலாலதான் வந்துச்சுன்னு ஒரு டாக்டரு எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே கேட்டு வேலை ஒனக்கு."

சடையப்பன் சொன்ன சொல் மாறாதவர். எந்த டாக்டரும் எழுத மாட்டார் என்று தெரிந்தால் யாரும் சொன்ன சொல்லைத் தைரியமாகக் காப்பாற்றலாம்.

மைக்கேலும் அவன் மனைவி அன்னமேரியும் டாக்டர் கலியபெருமாளின் கிளினிக்குக்குப் போனார்கள். அவர் குழாயை வைத்து முதுகில் வெகுநேரம் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"எத்தனை பீடி?"

"பீடி குடிக்கிறதில்லீங்க."

"சிகரெட்?"

"அதுவும் இல்லீங்க."

"விட்டு எவ்வளவு நாள் ஆச்சு?"

"தொட்டதே இல்லீங்க சார்."

டாக்டர் மனம் தளரவில்லை. "உங்க அப்பா?"

"அவரு வெத்தல போடுவாருங்க."

"பக்கத்து வீட்டுல யாராவது?"

மைக்கேல் யோசித்தான். பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. "அல்லா பிச்சை அண்ணன் எப்பவாச்சும் ஒண்ணு பத்த வைப்பாருங்க. ஆனா அவரு துபாய் போயி ரொம்ப வருசம் ஆச்சு."

"அதான பார்த்தேன்" என்று டாக்டர் எழுதினார்: புகையின் பாதிப்பு.

அன்னமேரி பொறுக்க முடியாமல், "அய்யா, இவரு நாள் முச்சூடும் சாம்பல்ல நிக்கிறாருங்க. அதால இருக்குமான்னு..." என்றாள்.

"அது அவரோட வேலைம்மா. நான் வியாதிக்குப் பார்க்கிறவன்" என்றார் டாக்டர்.

பிறகு அவர்கள் டவுன்ஷிப்பிலும் பண்ருட்டியிலும் வேறு டாக்டர்களைப் பார்த்தார்கள். ஒருவர் பலாப்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒருவர் குளிர் காலம் முடிந்தால் சரியாகிவிடும் என்றார். அது மே மாதம். இன்னொருவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவான குரலில், "வேலையை விட்டுடுங்க" என்றார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது என்பதற்கு அவரிடம் மாத்திரை இல்லை.

இப்படி இருக்கும்போது ஆகஸ்டு வந்தது. 2013ஆம் ஆண்டு ஹிரோஷிமா தினத்தைப் பேரவை டவுன்ஷிப் மண்டபத்தில் பெரிதாகக் கொண்டாடியது. கொண்டாடியது என்று சொல்லக் கூடாது, அனுசரித்தது. கூட்டிப் பெருக்கும் காண்ட்ராக்டில் அன்னமேரி அந்த மண்டபத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நாற்காலிகள் சடையப்பனின் சாம்பல் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தவை. டாக்டர்களின் வெள்ளைச் சட்டைகள் பாழாகிவிடக் கூடாது என்று காலையிலிருந்து ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த வரிசையைத் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் வெளுத்துக் கிடந்தது. பண்ருட்டியிலிருந்து கூண்டில் வந்த சமாதானப் புறாக்களைப் பறக்கவிட்டார்கள். அவை மேடைக்கு மேலே மின்விசிறிக் கம்பியில் போய் உட்கார்ந்துகொண்டன. தலைவர் அவற்றுக்கு நேர் கீழே நின்று பேசினார்.

"அன்பர்களே! அணுகுண்டின் சாம்பல் எப்படி இருக்கும் தெரியுமா? அது முருங்கை இலையில் உட்காரும். கொடியில் காயும் துணியில் உட்காரும். தாய் தன் பிள்ளைக்குச் சோறு போடுவாள், அந்தச் சோற்றின் மேல் உட்காரும். ஊதினால் போகாது! அந்தச் சாம்பலைச் சுவாசித்த மனிதன் என்ன ஆவான்? முதலில் இருமுவான். பிறகு நான்கு படி ஏற முடியாமல் உட்காருவான். பிறகு படுக்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வைப்பான். நான் கேட்கிறேன், இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மருத்துவன் வாய்மூடி இருக்கலாமா? வாய்மூடி இருப்பவன் மருத்துவனா?"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஜப்பானில் முருங்கை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மண்டபத்தின் கடைசியில் நின்றிருந்த அன்னமேரி அழுதுகொண்டிருந்தாள். தன் வீட்டைப் பற்றி இவ்வளவு துல்லியமாக ஒருவர் பேசி அவள் கேட்டதே இல்லை. டாக்டருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது, நாலு சுவருக்குள் சொல்ல வேண்டாம், ஊரறிய மைக்கில் சொல்லலாம் என்றுதான் காத்திருந்திருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. அவரைப் போய் மனதுக்குள் திட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. கேள்வி நேரம் வந்ததும் ஈரத்துணியோடு முன்னால் வந்தாள்.

"அய்யா, அந்தக் குண்டு எங்க வூட்டு மேலதாங்க விழுந்திருக்கு."

தலைவர் மேடை ஓரத்துக்கு வந்தார்.

"எந்த வீடும்மா?"

"வடக்குத்துங்க. நீங்க சொன்னது அத்தினியும் அப்படியே இருக்குங்க. முருங்க எல, துணி, சோறு எல்லாம். எங்க வூட்டுக்காரரு உக்காந்துக்கினேதான் தூங்குறாரு. குண்டு எப்ப விழுந்துச்சுன்னுதான் தெரியலீங்க. நான் வேலைக்கி வந்திருந்தப்ப விழுந்திருக்கும்போல."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார். தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை வருடமாகப் பேரவைக்கென்று சொந்தமாக ஒரு பாதிக்கப்பட்டவர் கிடைத்ததில்லை. ஜப்பானிலிருந்து ஒருவரை வரவழைக்க முயன்று அது கைகூடாமல் போயிருந்தது. இப்போது டவுன் பஸ் போகும் தூரத்தில் ஒருவர் இருக்கிறார்! அந்த இடத்திலேயே உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டது.

குழு வடக்குத்துக்கு வந்து இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு இரட்டை வடிகட்டி வைத்த முகமூடி. தேன்கூட்டைக் கலைக்க வந்தவர்கள்போல் இருந்தார்கள். முகமூடியை மைக்கேல் ஆசையோடு பார்த்தான். டாக்டர் கலியபெருமாள் ஒரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கையில் பிடித்திருந்தார்.

"வானத்துல கண்ணைக் கூசுற வெளிச்சம் ஏதாவது பார்த்தீங்களா மைக்கேல்?"

"வெல்டிங் வெளிச்சம் பாத்திருக்கேங்க."

"கூடங்குளம் பக்கம் போயிருக்கீங்களா?"

"வேளாங்கண்ணிதாங்க போயிருக்கேன்."

"நல்லதாப் போச்சு" என்று டாக்டர் மூச்சு விட்டார். "கூடங்குளம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அது உள்நாட்டு விவகாரம். பேரவை வெளிநாட்டு அணுவைத்தான் எதிர்க்குது."

கருவியை மைக்கேலின் நெஞ்சில் வைத்தார்கள். சத்தமில்லை. முருங்கை மரத்தில் வைத்தார்கள், சோற்றுப் பானையில் வைத்தார்கள். டாக்டர் அதை இரண்டு தட்டுத் தட்டினார். சாம்பல் படிந்து முள் தெரியாமல் போயிருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது. குழுவினர் துக்க வீட்டில் நிற்பவர்கள்போல் ஆகிவிட்டார்கள். அன்னமேரிக்கே பாவமாக இருந்தது. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். முகமூடியை எடுக்கப் பயந்து யாரும் குடிக்கவில்லை.

ஆனாலும் பேரவை எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. மைக்கேலுக்கு எக்ஸ்ரே எடுத்து, அதைக் கூட்டத்தில் விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் படத்தைப் படிக்கத் தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

டாக்டர் செங்கமலம்தான் தொண்டையைக் கனைத்தார். "சார், கதிர்வீச்சு இல்லைன்னாலும் இது சாம்பல்தானே? அறிக்கையில அந்த ஒரு வார்த்தையைப் போட்டுடலாமே. அந்த மனுஷனுக்கு வேலை மாத்திக் குடுப்பாங்களாம். சுற்றுச்சூழல்னு நம்ம பேர்லயே இருக்கு."

தலைவர் அன்போடு சிரித்தார். "டாக்டர், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா நாம உலகளாவிய அமைப்பு. வடதுருவத்தைப் பார்க்கிற கண்ணால வடக்குத்தைப் பார்த்தா பார்வை குறுகிடும். நாளைக்கு இன்னொருத்தன் வருவான், அடுத்த நாள் ஒரு தெருவே வரும். அப்புறம் இந்த ஊர் வியாதியைப் பார்க்கவே நமக்கு நேரம் சரியாயிடும். அணுகுண்டை யார் தடுக்கிறது?"

வாதம் மறுக்க முடியாததாக இருந்தது. இருந்தாலும் செயலாளரின் மனம் நோகக் கூடாது என்று ஒரு சமரச முயற்சி நடந்தது. சாம்பல் என்பது கடுமையாக இருக்கிறது, தூசி என்று போடலாம் என்றார் ஒருவர். தூசி என்றாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், நுண்துகள் என்றால் யாருக்கும் புரியாது என்றார் இன்னொருவர். அப்போது சடையப்பன் அனுப்பிய பிரியாணி அண்டா உள்ளே வந்தது. நுண்துகள் காற்று ஆயிற்று. காற்றால் பாதிப்பு என்று எழுதினால் காற்று இல்லாமல் மனிதன் எப்படி வாழ்வான் என்று மூத்த மருத்துவர் ஒருவர் எழுப்பிய ஐயம் நியாயமாகப் பட்டதால் அதையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மைக்கேலின் பெயரும் வயதும்தான்.

அடுத்த மாத விழாவில் மைக்கேலை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். சடையப்பனே தன் கையால் போர்த்தினார். பொன்னாடைக்குள் குனிந்து மைக்கேல் இருமினான். தலைவர் சான்றிதழை வாசித்தார்: "திரு. மைக்கேல் எவ்வித அபாயத்துக்கும் ஆளாகவில்லை என்று இப்பேரவை ஐயமற உறுதி கூறுகிறது." வாசகத்தில் கதிர்வீச்சு என்ற சொல்லும் இருந்திருக்க வேண்டும். நீளமாக இருந்ததால் அச்சகத்தில் விட்டுவிட்டார்கள்.

அன்னமேரி மேடை ஓரத்தில் தலைவரைப் பிடித்தாள். "அப்ப அவரு இருமறது எதாலங்க?"

"குண்டால இல்லம்மா, நிம்மதியா இருங்க. வெறும் சாம்பல்தான்."

"அதத்தாங்க எழுதிக் குடுக்கச் சொல்றேன்!"

"வெறும் சாம்பலுக்கெல்லாம் பேரவை எழுதிக் குடுக்க ஆரம்பிச்சா அதோட மதிப்பு என்னம்மா ஆகிறது?" என்றார் தலைவர். அவர் கோபப்படவே இல்லை.

சான்றிதழ் மைக்கேலின் வீட்டுக்கு வரவில்லை. சடையப்பன் அதைக் கண்ணாடி போட்டுக் கம்பெனி ஆபீசில் மாட்டிவிட்டார். மறுநாள் மைக்கேலைக் கூப்பிட்டார். சாம்பல் சேமிக்கும் பெரிய இரும்புத் தொட்டியின் உள்பக்கம் கட்டிதட்டிப் போயிருந்தது. யாராவது உள்ளே இறங்கிக் கொத்திவிட வேண்டும்.

"மத்தவன எறக்கறதுக்கு எனக்கே பயமா இருக்கு மைக்கேலு. ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சுன்னா? ஒனக்குன்னா ஒரு அபாயமும் இல்லன்னு அத்தினி டாக்டருங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. நீதான் சரியான ஆளு."

மைக்கேல் இறங்கினான். அதன்பிறகு தொட்டி கட்டிதட்டும்போதெல்லாம் அவன்தான் இறங்கினான். இறங்காவிட்டால் வேலை போய், கேட்டில் உட்காருவதற்குப் பதில் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவனை இடுப்பில் கயிறு கட்டித் தூக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அன்னமேரி ஆட்டோவில் போட்டு டாக்டர் கலியபெருமாளிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் பிராணவாயு வைத்தார். கட்டணம் வேண்டாம் என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மைக்கேலின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் தாங்க முடியாத விஷயம்.

"மைக்கேல், உன் விஷயத்துல எனக்கு ரொம்ப வருத்தம். இது மட்டும் கதிர்வீச்சா இருந்திருந்தா உன்னை டெல்லி வரைக்கும் கொண்டுபோயிருப்பேன். ஜெனிவாவுல உன் படத்தைக் காட்டிப் பேசியிருப்பேன். உன் பேர்ல ஒரு வார்டே திறந்திருப்போம். என் துரதிர்ஷ்டம், வெறும் சாம்பலாப் போச்சு."

மைக்கேல் முகமூடியை மெல்ல விலக்கினான். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"சார்... நீங்க பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம்... எழுதுவீங்களாமே... எங்க வூட்டு மேல ஒரு குண்டு... போடச் சொல்லுங்க சார். சின்னதா இருந்தாலும்... போதும்."

அன்னமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். சமாதானத்துக்காக வாழ்க்கையையே கொடுத்த மனிதரிடம், அவருடைய கிளினிக்கிலேயே, அவர் கொடுத்த பிராணவாயுவைச் சுவாசித்துக்கொண்டு இப்படி ஒரு கோரிக்கை.

அன்று மாலையே பேரவை அவசரமாகக் கூடியது. தலைவரின் குரல் தழுதழுத்தது. "உலகத்தில் எத்தனையோ சர்வாதிகாரிகளைக் கண்டித்திருக்கிறோம். அவர்கள்கூடத் தங்கள் வீட்டின் மேல் குண்டு போடச் சொன்னதில்லை! பேரவையின் பொன்னாடையைப் பெற்ற ஒருவர் அணு ஆயுதத்தை ஆதரிக்கலாமா? தனக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக மனிதகுலத்தையே பணயம் வைப்பதா?" மைக்கேலைக் கண்டித்துக் கொண்டுவந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டாக்டர் செங்கமலமும் கையைத் தூக்கினார். முழங்கை வரைதான் தூக்கினார், ஆனாலும் அது கணக்கில் சேர்ந்தது. அதிபர்களுக்கு என்றால் தபாலில் அனுப்பிவிடலாம். உள்ளூர்க்காரர் என்பதால் செயலாளர் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று.

டாக்டர் செங்கமலம் வடக்குத்துக்குப் போனபோது மைக்கேலின் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். சடையப்பனின் பந்தல்தான். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மைக்கேல் பெட்டிக்குள் கால் நீட்டி மல்லாந்து படுத்திருந்தான். டாக்டர் கையில் கவரோடு வாசலில் நின்றார்.

அன்னமேரி அவரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அவள் கண் கவரின் மேல் இருந்தது.

"எழுதிக் குடுத்துட்டாங்களாம்மா?"

டாக்டர் செங்கமலம் கவரைக் கைப்பைக்குள் திணித்தார். மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, பந்தல் காலில் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"என்னங்க போட்டிருக்கு?"

டாக்டர் தாழ்ந்த குரலில் வாசித்தார். "சாம்பலைச் சுவாசித்ததால் வந்த நுரையீரல் நோய்."

அன்னமேரி சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எத்தனை கிளினிக் வாசலில் இதற்காக நின்றிருக்கிறாள். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத இப்ப யாரண்ட குடுக்கணுங்க?" என்று கேட்டாள்.

தெருமுனையில் சடையப்பனின் கார் வந்து நின்றது. மாலையோடு அவரும், பின்னால் டாக்டர் கலியபெருமாளும் இறங்கினார்கள். டாக்டர் செங்கமலம் அவசரமாகக் குனிந்து அன்னமேரியின் காதருகே சொன்னார்.

"யார்கிட்டயும் காட்டிடாதீங்கம்மா. நான்தான் எழுதினேன்னு தெரிஞ்சா பேரவையில ரொம்ப சங்கடமாயிடும்."

அன்னமேரி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டாள்.

"அப்ப நீங்களே வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.